கொட்ட வேண்டிய தண்ணீர்

1

மங்களம் அனுப்பிய மூட்டை போன வாரம் வந்து சேர்ந்தது. கப்பலில் வந்த ஒரு புண்ணியவான் அதைத் துறைமுகத்திலிருந்து சுமந்து, ரயிலேறி, தின்கன்ஜூன் ஸ்டேஷனில் இறங்கி, "சிவகாமி ஆத்தா வீடு எதுங்க, பர்மாக்கார மருமக இருக்குற வீடு?" என்று கேட்டுக் கேட்டு, மழையோடு மழையாக எங்கள் வாசற்படியில் கொண்டுவந்து வைத்தார். ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றால் கேட்கவில்லை. அடுத்த வண்டியைப் பிடிக்க வேண்டுமாம்.

மூட்டையை அவிழ்த்தால் மொச்சை. முறுக்கு இல்லை, கருப்பட்டி இல்லை, வெறும் மொச்சை. புதுக்கோட்டைச் சீமைச் செம்மண் தூசி மேலே ஒட்டியபடியே இருந்தது. சந்தோஷத்தில் எனக்கு அன்று முழுக்க வாய் ஓயவில்லை. மூட்டையோடு ஒரு சேதியும் சொல்லி அனுப்பியிருந்தாள். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் உங்களுக்கு விளங்காது.

மங்களம் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. போன வருஷம் இதே மழைக்காலத்தில் இங்கே வந்து எங்களோடு இருந்துவிட்டுப் போனாள். அவள் கப்பலேறி வருஷம் திரும்பிவிட்டது. ஊரில் அதைப் பற்றி என்னென்னவோ பேசிக்கொள்கிறார்களாம். பர்மாக்காரி மருந்து வைத்துவிட்டாள், கிழவி உயிர் தப்பி ஓடிவந்தாள் என்றுகூடப் பேச்சு. மங்களம் யாரிடமும் வாய் திறப்பவள் இல்லை. ஆகவே நான் திறக்கிறேன்.

எனக்கு எழுத்து தெரியாது. அடுத்த வீட்டு ரத்தினம் ரயில்வே ஆபீசில் ரைட்டர். ஊரிலிருந்து வரும் பத்திரிகையை அவன்தான் எங்களுக்கு வாசித்துக் காட்டுவான். நான் பேசுகிறபடியே எழுதினால் அச்சுக்கு ஆகாது என்று நல்ல தமிழாக மாற்றி எழுதுகிறான். ஆனால் யாராவது பேசினதைச் சொல்லும்போது மட்டும் அதில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

"ஆத்தா, மொச்சைக்கு இவ்வளவு பீடிகையா?" என்கிறான் இப்போது.

"நீ எழுதுப்பா. மொச்சைன்னா சும்மாவா?"

2

என் வீட்டுக்காரர் ரயில் கொட்டடியில் வேலை பார்த்தவர். அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. மகன் முருகையாவும் அதே கொட்டடியில்தான் பிட்டர். அவன் கட்டிக்கொண்டவள் மா தின். கியாக்தான் பக்கத்துப் பெண். ஆற்று நடுவில் ஒரு கோயில் நிற்குமே, அந்த ஊர். கல்யாணமான புதிதில் எனக்கு அவள் பேச்சும் அவளுக்கு என் பேச்சும் விளங்காமல், ரெண்டு பேரும் சட்டி பானையைக் காட்டிக் காட்டியே பேசிக்கொண்டிருந்தோம். இப்போது அவள் தமிழும் என் பர்மாவும் நடுவழியில் சந்தித்துக்கொள்கின்றன. என்னை 'அமே' என்பாள். அவர்கள் பேச்சில் அம்மா.

அவர்களுக்கு ஒரே பெண். முருகையா வைத்த பெயர் வள்ளி. கியாக்தானில் இருக்கிறவர்களுக்கு மீ மீ. எங்கே கூப்பிட்டாலும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கும். முகத்தில் சந்தனம்போல் தனக்காவைப் பூசிக்கொண்டு, லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தெருப் பிள்ளைகளோடு பர்மாவில் சண்டை போடும். தமிழ் விளங்கும், வாயில் வராது. நான் 'சாப்பிடு வா' என்றால் வரும். வந்து பர்மாவில் பதில் சொல்லும். நம் ஊர் வழக்கப்படி 'அப்பாயி' என்று கூப்பிடச் சொன்னால் வராது, என்னை 'ப்வாப்வா' என்றுதான் கூப்பிடும். அதுவும் பாட்டிதான், குறைச்சல் இல்லை. கேட்கக் காதுக்கு ஊதல் ஊதுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

இனிப் பயறுக்கு வருகிறேன். பயறு எல்லாமே இந்த ஊர்க்காரர்களுக்குப் 'பெ'தான். ஆளுக்கொரு பெ உண்டு. அதில் ஒன்று நம் மொச்சைக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருக்கும். தட்டையாக, மேலே சிவப்பு வரி ஓடியிருக்கும். நாங்கள் வீட்டில் வரிமொச்சை என்போம். மா தின் அதைச் செய்கிற விதம் ஒரு தினுசு. முதல் நாளே த்வாண்டே ஊர் மண்பானையில் ஊறப்போடுவாள். காலையில் ஊறின தண்ணீரைக் கொட்டுவாள். புதுத் தண்ணீர் விட்டு, பானையை மூடாமல் கொதிக்கவிடுவாள். அதையும் வடித்துக் கொட்டுவாள். மறுபடியும் தண்ணீர், மறுபடியும் கொதி, மறுபடியும் வடிப்பு. நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துக் கசப்பு போன பிறகுதான் நிறுத்துவாள். கேட்டால், "தலை சுத்தும் அமே, வாந்தி வரும்" என்பாள். காட்டுப் புத்தி இன்னும் போகாத பயறு அது.

வெந்த பயறை மத்தால் மசித்து வைத்துக்கொண்டு, இரும்புச் சட்டியில் கடலை எண்ணெய் விட்டு, வெங்காயத்தை ஓரம் கருகுகிற வரைக்கும் வதக்கி, மஞ்சளும் காய்ந்த மிளகாயும் போட்டு, மசித்ததை அதில் தள்ளிப் புரட்டுவாள். புரட்டிக்கொண்டே இருப்பாள். முதலில் களிபோல் ஒட்டும். அப்புறம் எண்ணெயைக் குடிக்கும். அப்புறம் குடித்த எண்ணெயைத் திருப்பிக் கக்கி, சட்டியை விட்டுச் சுருண்டு எழும்பும். அந்த வாசனைக்கு ரத்தினம் வீட்டிலிருந்து கிண்ணம் வரும். சிரிக்கிறான் பாருங்கள், அவனே எழுதிக்கொண்டு சிரிக்கிறான்.

நன்றாகச் சுருள வதக்கினால் நாலைந்து நாளைக்குக் கெடாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைக் கொட்டுகிறதிலும் அவளுக்கு ஒரு முறை உண்டு. கொதிக்கக் கொதிக்கக் கொட்டமாட்டாள். அகல மண்சட்டியில் வடித்து ஓரமாக வைத்து, ஆறின பிறகு கொண்டுபோய்க் கொல்லையில் ஊற்றுவாள். சுடுதண்ணீர் மண்ணில் விழுந்தால் எறும்பும் புழுவும் செத்துப்போகுமாம். அந்தப் பாவம் நமக்கெதற்கு என்பாள்.

3

மங்களம் வந்தது அவள் அண்ணனின் தெவசத்துக்கு. அண்ணன் செத்த மண்ணை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று, தெரிந்த குடும்பத்தோடு கப்பலேறி வந்துவிட்டாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஓட்டு வீடும் கொஞ்சம் நிலமும் உண்டு. நாக்கு மட்டும் வெட்டரிவாள். வந்த அன்றே மருமகளின் பெயரைக் கேட்டுவிட்டு, "மாவு தின்னா? ஏன், சோறு தின்னு பேரு வைக்கக் கூடாதா?" என்றாள். மா தினுக்கு அது விளங்கிவிட்டது. அவளும் சிரித்துக்கொண்டே, "சோறும் தின்போம் அத்தே, வாங்க" என்று இலை போட்டாள்.

பேத்தியைப் பார்த்ததும்தான் மங்களத்துக்குப் பேச்சு நின்றது. அண்ணனின் மூக்கு, அண்ணனின் நெற்றி. மடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஏதேதோ கேட்டாள். குழந்தை பர்மாவில் பதில் சொன்னது. மங்களம் என்னைப் பார்த்தாள். நான் தமிழில் சொன்னேன். மறுபடி கேட்டாள், மறுபடி நான் சொன்னேன். எங்கள் வீட்டுக் குழந்தையிடம் பேச எங்கள் வீட்டு ஆளுக்கே துபாஷி வேண்டியிருந்தது. அன்று ராப்பொழுது அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

தெவசம் முடிந்து சில நாள் கழித்து முருகையாவிடம் கேட்டேவிட்டாள்.

"வள்ளிய என்கூட அனுப்புடா. நான் வளக்குறேன். வீடு இருக்கு, நெலம் இருக்கு, நாளைக்கு எல்லாம் அதுக்குத்தானே. அங்க வந்தா நம்ம பேச்சுப் பேசும், நாலெழுத்துப் படிக்கும், நம்ம சனத்துல ஒருத்தனுக்கு வாக்கப்படும். இங்க இருந்தா உங்கப்பன் வம்சம் ஆத்தோட போச்சு."

முருகையா விரல் நகத்திலிருந்த கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் அந்தக் குறை உண்டு. வேலை முடிந்து வந்து மகளிடம் பேசினால், அது சொல்வதில் பாதி அவனுக்கே எட்டாது. கடைசியில், "மா தின்கிட்ட கேக்கணும் அத்தை" என்றான். கேட்டானோ, சொன்னானோ, எனக்குத் தெரியாது. மறுநாள் மா தின் குழந்தையின் துணிகளைத் துவைத்து மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. மடித்ததையே பிரித்துப் பிரித்து மறுபடி மடித்தாள்.

கப்பலேற வேண்டுமானால் அம்மை குத்தின தழும்பு காட்டியாக வேண்டும். எல்லாருமாக ரயிலேறி அம்மை குத்துகிற ஆபீசுக்குப் போனோம். ரயிலில் போவது எனக்கு எப்போதும் குஷி. அன்றைக்கு அந்தக் குஷிகூட வரவில்லை. அங்கே இருந்த குமாஸ்தா நம்மவர்தான். பிள்ளையின் பாட்டன் பெயர் என்ன என்று என்னைக் கேட்டார். நான் சொல்வேனா? முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். மா தின் பின்னாலிருந்து, பர்மா மரியாதையோடு, "ஊ சுப்பையா" என்று மாமனார் பெயரை உரக்கச் சொல்லிவிட்டாள். மங்களம் காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

குமாஸ்தா குழந்தையிடம், "பேரென்ன பாப்பா?" என்றார்.

"மீ மீ" என்றது.

"வள்ளின்னு சொன்னாங்களே?"

அது அம்மாவின் லுங்கியைப் பிடித்துக்கொண்டது. அவர் மா தினைப் பார்த்து, பர்மாவில், நீயும் போகிறாயா என்று கேட்டார். மா தின் இல்லை என்று தலையாட்டினாள். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். பிறகு மை தொட்டு எழுதினார்.

குழந்தையின் கையில் அம்மைப்பால் குத்தினார்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று நாள் காய்ச்சல்.

4

கப்பலுக்கு முதல் நாள். மா தின் பெரிய பானை நிறைய வரிமொச்சை ஊறப்போட்டிருந்தாள். பர்மாவிலிருந்து நாகப்பட்டினம் போய்ச் சேருகிற வரைக்கும் மேல்தட்டில் கிடக்க வேண்டும். அங்கே போடுகிற சோறு குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது. வள்ளிக்கு இந்த வதக்கின பயறு இருந்தால் போதும், வெறும் சோற்றை உருட்டித் தின்றுவிடும். நன்றாகச் சுருள வதக்கி வாழையிலையில் பொதிந்து கொடுத்தால் கரை சேரும்வரை வரும். அதற்காகத்தான் அவ்வளவு பயறு. மகளை அனுப்பத் தனக்குச் சம்மதமா இல்லையா என்று அவள் வாயால் சொல்லவே இல்லை. கட்டுச்சோற்றுக்குப் பயறு ஊறவைத்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து என்னை ரத்தினத்தின் பெண்டாட்டி கூப்பிட்டாள். ஊருக்குக் கொடுத்தனுப்ப ஏதோ சாமான் கட்டுகிறாளாம், போனேன். மா தின் முதல் கொதித் தண்ணீரை வடித்து மண்சட்டியில் ஆறவைத்துவிட்டு, விறகு பிளக்கக் கொல்லைக்குப் போயிருக்கிறாள். மங்களம் அடுக்களைக்குள் வந்தாள்.

பயறு வெந்த தண்ணீரைக் கொட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டா? பருப்புத் தண்ணீர், பயறுத் தண்ணீர், கொள்ளுத் தண்ணீர் எதுவானாலும் ரசமாகும். அதுதான் பயறின் சத்து என்பார்கள். கொட்டுகிற வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்பார்கள். வந்த நாளிலிருந்தே மா தின் கொட்டுவதைப் பார்த்து மங்களத்துக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. எனக்கும் ஆரம்பத்தில் எரிந்ததுதான். அன்றைக்கு அந்தத் தண்ணீர் சட்டியில் பத்திரமாக ஓரத்தில் இருந்ததைக் கண்டதும், 'இன்னைக்குத்தான் புத்தி வந்து எடுத்து வச்சிருக்கா' என்று நினைத்துவிட்டாளாம். காய்ச்சல் விட்ட குழந்தைக்கு வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று புளி கரைத்து, மிளகு சீரகம் தட்டிப் போட்டு, ரசம் வைத்தாள். நல்ல மனதோடுதான் செய்தாள். ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு, தான் ஒரு செம்பு நிறைய எடுத்துக்கொண்டாள். ஊர் ரசம் குடித்து நாளாகிவிட்டதல்லவா, ஆசையாகக் குடித்தாள். கசப்பை மிளகுக் காரம் மறைத்திருக்கும்.

குழந்தை ஒரு வாய் வைத்துவிட்டு ஏதோ சொன்னது. மங்களத்துக்கு விளங்கவில்லை. "குடி கண்ணு, குடி, ஒடம்புக்கு நல்லது" என்றாள். குழந்தை மறுபடி அதையே சொன்னது. இவள் மறுபடி, "குடிடி ராசாத்தி" என்று கிண்ணத்தை அதன் வாயருகே தூக்கிவிட்டாள்.

கொல்லை வாசலில் விறகுச் சுமையோடு வந்த மா தின் குழந்தை சொன்னதைக் கேட்டாள். சுமையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, குழந்தை கையிலிருந்த கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். கிண்ணம் உருண்டு, ரசம் மங்களத்தின் வெள்ளைப் புடவையெல்லாம் தெறித்தது.

சத்தம் கேட்டு நான் வந்தபோது மா தின் குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு வழித்துக்கொண்டிருந்தாள். மங்களம் எழுந்து நின்று புடவையை உதறினாள்.

"பாத்தியா அண்ணி, நான் ஆக்குனத எம் பேத்தி குடிக்கக் கூடாதாம். தட்டி விடுறா பாரு."

மா தினுக்குப் பதற்றத்தில் இருந்த தமிழும் போய்விட்டது. "அந்த தண்ணி... அமே, அந்த தண்ணி" என்று சட்டியையே காட்டினாள். எனக்கு விளங்கிவிட்டது. "மங்களம், நீ குடிச்சியா? எவ்வளவு குடிச்சே?" என்றேன். அவள் கோபத்தோடு போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் அவளுக்குத் தலை சுற்றியது. எழுந்து நிற்க முடியவில்லை. வாந்தியான வாந்தி. கண்ணைத் திறந்தால் வீடு சுழல்கிறது என்றாள். முருகையா டாக்டரைக் கூட்டிவர ஓடினான். மா தின்தான் அவள் தலையைத் தாங்கிப் பிடித்து, வாந்தியை அள்ளி, ஈரத் துணியால் துடைத்தாள். மங்களத்துக்கு அந்தக் கையைத் தள்ளிவிடவும் தெம்பில்லை. டாக்டர் வந்து மருந்து கொடுத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார்.

மறுநாள் கப்பல் அவர்கள் இல்லாமலே போயிற்று.

5

உயிர் திரும்பி எழுந்து உட்கார்ந்ததும் மங்களம் முதலில் சொன்னது இதுதான்: "மருந்து வச்சுட்டா."

முருகையா, நான், இரண்டு பேருமே பக்கத்தில் இருந்தோம்.

"கிண்ணத்தைத் தட்டி விட்டாளேடா, ஏன் தட்டி விட்டா? உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுதானே? பெத்த புள்ள குடிக்கக் கூடாது, நான் குடிக்கலாம். புள்ளைய அனுப்ப மனசில்லேன்னா வாயால சொல்லணும். சோத்துல வைக்கக் கூடாது."

"அந்தத் தண்ணிதான் மங்களம். அது ஆகாத தண்ணி. அதத்தான் அவ கொட்டிக்கிட்டே இருக்கா" என்றேன்.

"நீயும் அவ பக்கம் சாஞ்சுட்டே அண்ணி. பயறுத் தண்ணியில வெஷமா? நான் பல்லு மொளச்ச நாள்லேர்ந்து குடிக்கிறேன். எங்கம்மா குடிச்சா, எங்கப்பாயி குடிச்சா."

 அவள் சொன்னதும் மெய்தானே. மொச்சைத் தண்ணீர் குடித்து யார் செத்தார்கள்?

முருகையா எழுந்து அடுக்களைக்குள் போனான். "மா தின், உண்மையைச் சொல்லு. அதுல ஏதாச்சும் போட்டியா?" என்று கேட்டான். கத்தவில்லை, மெல்லத்தான் கேட்டான். கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவள் எரிகிற விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். பிறகு உள்ளே போய், தன் துணிகளை ஒரு போர்வையில் வைத்துக் கட்ட ஆரம்பித்தாள். குழந்தையின் தகரப் பெட்டியும் பக்கத்தில் இருந்தது. கியாக்தானுக்குப் படகு மத்தியானம். மகளோடு போய்விடப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. போனால் திரும்பமாட்டாள் என்றும் தெரிந்தது. மங்களம் கேட்டதோ பேத்தியை மட்டும். அன்று மகனின் குடும்பமே பேத்தியோடு சேர்ந்து கரைந்துகொண்டிருந்தது.

எனக்குப் படிப்பு இல்லை, பேசி ஜெயிக்கவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது அடுப்பு ஒன்றுதான். மா தின் கையிலிருந்த போர்வை முடிச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"போறதா இருந்தா போ தாயி. நான் தடுக்கல. ஊறப்போடாத பயறு பாதி அப்படியே கெடக்கு. அதை ஆக்கிக் குடுத்துட்டுப் போ."

என்னையே பார்த்தாள். "அதைத் தின்ன யாரு இருக்கா, அமே?" என்றாள்.

"நான் இருக்கேன்ல."

படகு போனால் நாளைக்கு இன்னொரு படகு. அவள் ஊறப்போட்டாள். விடிந்ததும் நான் மங்களத்தைக் கைத்தாங்கலாகப் பிடித்து, அடுக்களை வாசலில் பலகை போட்டு உட்கார வைத்தேன். "எதுக்கு அண்ணி என்ன இங்க கொண்டாந்து போட்டே?" என்றாள். "சும்மா பாரு. கண்ணுதான் நல்லாருக்குல்ல" என்றேன். வள்ளி வந்து என் முதுகில் சாய்ந்துகொண்டது.

மா தின் யாரையும் பார்க்கவில்லை. ஊறின தண்ணீரைக் கொட்டினாள். புதுத் தண்ணீர் விட்டு ஏற்றினாள். கொதி வந்து நுரை பொங்கியது. மங்களம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். மா தின் அதை அகல மண்சட்டியில் வடித்து, ஓரமாக வைத்தாள்.

"இதத்தானே அன்னைக்கும் எடுத்து வச்சிருந்தா" என்றாள் மங்களம். "கொட்டப் போறவ எதுக்கு எடுத்து வைக்கிறா? அதச் சொல்லு."

"ஆறட்டும்னு வைக்கிறா. சுடுதண்ணிய மண்ணுல ஊத்துனா எறும்பு சாகும், புழு சாகும்னு."

மங்களம் சட்டியைப் பார்த்தாள். மா தினின் முதுகைப் பார்த்தாள். மறுபடி சட்டியைப் பார்த்தாள்.

"எறும்புக்கா ஆற வைக்கிறா?"

"ஆமா."

 மழை ஓலையில் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. மங்களம் தானாகவே உட்கார்ந்தபடி நகர்ந்து, சட்டியருகே போய், சுண்டுவிரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். மா தின் பதறிக் கையை நீட்டினாள். நான் கண்ணால் அடக்கினேன். மிளகும் இல்லை, புளியும் இல்லை, வெறும் தண்ணீர். மங்களத்தின் முகம் சுருங்கியது. முந்தானையால் நாக்கை வழித்துத் துப்பினாள்.

பிறகு வள்ளியைக் கூப்பிட்டாள். "இங்க வாடி. அன்னைக்கு நான் ரசம் குடுத்தப்ப ரெண்டு தடவ என்னமோ சொன்னியே. என்ன சொன்னே?"

குழந்தை பயந்துகொண்டு பர்மாவில் சொன்னது. மங்களம் என்னைப் பார்த்தாள்.

"கசக்குதுன்னு சொல்லியிருக்கு" என்றேன்.

அவள் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மை குத்தின இடத்தில் பொருக்கு கட்டியிருந்தது. அதை விரலால் தடவினாள். அடுப்பில் இரண்டாவது தண்ணீர் கொதித்தது, மூன்றாவது கொதித்தது. மா தின் வடித்தாள், தொட்டுப் பார்த்தாள், மசித்தாள். வெங்காயம் எண்ணெயில் விழுந்தது. பயறு சட்டியை விட்டுச் சுருண்டு வருகிற வரைக்கும் மங்களம் குழந்தையின் கையை விடவே இல்லை. முருகையாவும் வந்து நிலைப்படியில் நின்றிருந்தான்.

மா தின் முதல் கரண்டியை எடுத்துச் சின்னத் தட்டில் வைத்து, புத்தருக்கு வைக்கக் கொண்டுபோனாள். திரும்பி வந்து அடுத்த கரண்டியை எடுத்தாள். மங்களம் அப்படியே தன் உள்ளங்கையை நீட்டினாள். மா தின் தயங்கி, அதில் வைத்தாள். மங்களம் ஊதி ஊதித் தின்றாள்.

தின்றுவிட்டு முருகையாவைப் பார்த்துச் சொன்னாள்: "டிக்கட்ட ஒண்ணாப் போடு. நான் மட்டும் போறேன்."

"அத்தை, அது பழகிக்கும் அத்தை" என்றான் அவன். இத்தனைக்கும் அப்புறமும் அப்படிச் சொன்னான். அவனும் பாவம்.

"வாயில வச்ச ஒடனே சொல்லியிருக்குடா கசக்குதுன்னு. ரெண்டு தடவ சொல்லியிருக்கு. நான் குடி குடின்னு ஊட்டுறேன். இங்க ஓடியாந்து தட்டிவிட ஒருத்தி இருந்தா. அங்க யாரு இருக்கா? அது பழகுறதுக்குள்ள எத்தனை கிண்ணம் குடிக்கும்?"

 வள்ளிக்கு என்ன விளங்கியதோ, போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது. முருகையா உள்ளே போய், போர்வை முடிச்சை அவிழ்த்து, மா தினின் துணிகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டான். மடிக்கத் தெரியாத கை. எல்லாம் ஒரு பக்கமாகத் தொங்கின.

6

மங்களம் அடுத்த கப்பலில் போனாள். குழந்தைக்கென்று ஆக்க இருந்த பயறை, அவளுக்கென்று புதிதாக ஆக்கி, வாழையிலையில் பொதிந்து மா தின் அவள் மடியில் வைத்தாள். கட்டுச்சோற்றை வாங்கிக்கொண்டு, "என்ன இருந்தாலும் தண்ணியக் கொட்டுறது எனக்கு இன்னும் மனசாகல" என்றாள். அதுதான் மங்களம். தனி வீட்டுக்குப் போய்ச் சேருகிறவள், அழாமல் போனாள். கப்பலடியில் நின்ற கூட்டத்தில் வள்ளியை முருகையா தோளில் தூக்கிக் காட்டினான். மேல்தட்டில் எத்தனையோ வெள்ளைப் புடவைகள். அதில் எது அவள் என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவள் போனபிறகு மா தின் வீட்டில் ஒரு சட்டம் போட்டாள். வள்ளி காலைச் சோற்றை என்னிடம் தமிழில்தான் கேட்க வேண்டும். பர்மாவில் கேட்டால் கிடையாது. ஆரம்பத்தில் சில நாள் பட்டினியாகவே கொல்லைக்கு ஓடிவிடும். மா தினுக்கே தமிழ் தடுக்கும்போது மகளுக்குச் சட்டம் போட்டால் எப்படி என்று நான் கேட்டேன். "எனக்கு வராது அமே. அதுக்கு வரட்டும்" என்றாள். முருகையா மகளிடம் ஒரு சொல் தமிழ் கொடுத்து ஒரு சொல் பர்மா வாங்கிக்கொள்கிறான். இது எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது. இங்கே பிள்ளைகள் ஆற்றுப் பக்கம்தான் ஓடுகின்றன. பிடித்து நிறுத்துகிற வயசும் எனக்கு இல்லை.

இப்போது அந்தச் சேதியைச் சொல்கிறேன். மூட்டையைக் கொண்டுவந்தவரிடம் மங்களம் சொல்லி அனுப்பியது இதுதான்: 'இது நம்ம கொல்லை மொச்சை. இதோட தண்ணியவும் கொட்டிடப் போறா, மாவு தின்கிட்டச் சொல்லுங்க.'

நேற்று மா தின் அதை ஊறப்போட்டு வேகவைத்தாள். தண்ணீரை வடித்து மண்சட்டியில் வைத்தாள். அது ஆறி நெடுநேரம் ஆகியும் கொல்லைக்குக் கொண்டுபோகவும் இல்லை, ரசத்துக்கு எடுக்கவும் இல்லை. அதன் முன்னால் குந்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் வள்ளி வந்தது. சட்டியைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. சின்ன விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தது. மா தின் தடுக்கவில்லை.

குழந்தை நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பியது.

"கசக்கல அப்பாயி" என்றது.

ரத்தினம், இதை அப்படியே எழுது. அங்கே யாராவது மங்களத்துக்கு வாசித்துக் காட்டுவார்கள்.